சகாகி மாட்டிய சின்ன ரப்பர்

சகாகி எமிகோவுக்கு வயது நாற்பத்தாறு. அதில் பதினொரு வருடம் அகிஹபாராவில் ஒரு கடையின் நாலாவது மாடியிலேயே கழிந்துவிட்டது. நானூறு இயர்போன் வரிசையாகத் தொங்கும் மேடை அது. வருகிறவர்கள் தங்கள் போனில் செருகிக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் நின்றாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அந்த மேடைக்கு ராணி சகாகிதான். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், மற்றவர்களும் மறுத்ததில்லை.

யாராவது வந்து, "தினம் ரயில்ல பாட்டு கேக்கணும், வெளிச்சத்தம் உள்ள வரக் கூடாது, நல்லதா ஒண்ணு குடுங்க," என்றால் அவள் இயர்போன் பக்கமே போகமாட்டாள். வந்தவருடைய காதைப் பார்ப்பாள்.

"முதல்ல ரப்பர், அப்புறம்தான் இயர்போன்," என்பாள். "முனையில இருக்கிற ரப்பர் காதை ஒட்டி அடைக்கணும். அடைக்கலேன்னா எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் தகர டப்பா சத்தம்தான். மாட்டிட்டு பத்து எண்ணுங்க."

கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே விளம்பரப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டு மங்கினால் ரப்பர் சரி. மங்கவில்லையா, வேறு அளவு. "சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காதீங்க. ரயில்ல உங்க காதுலேருந்து ச்சிக் ச்சிக்குன்னு கசிஞ்சா, பக்கத்துல நிக்கிறவர் ஒண்ணும் சொல்லமாட்டார். ஆனா மனசுக்குள்ள உங்களைத் திட்டித் தீத்துடுவார்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு டாக்டர் களை வந்துவிடும்.

அந்தக் கடையில் ஒவ்வொரு இயர்போனுக்கும் பக்கத்தில் கடைக்காரர்களே கையால் எழுதிய ஒரு சின்ன அட்டை நிற்கும். கம்பெனிக்காரன் பெட்டியில் அச்சடித்திருப்பதை யார் நம்புகிறார்கள்? அட்டையைப் படித்துத்தான் ஜனங்கள் எடுப்பார்கள். ஏப்ரலில் புது வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு மார்ச்சிலும், 'தினசரிக்கு இது ஒன்று போதும்' என்று ஒரே ஒரு இயர்போனை மேனேஜர் தெராஷிமா தேர்ந்தெடுத்து, எஸ்கலேட்டர் ஏறியதும் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பார். அதன் அட்டைதான் வாசல் அட்டை. ஒன்பது வருடமாக வாசல் அட்டை சகாகியின் கையெழுத்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊர் சுற்றவில்லை, வாராபியில் ஒற்றை அறை வீடு. ஆனால் வாசல் அட்டை இருந்தது. அதை அவள் லேசாக நினைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் போன இலையுதிர் காலத்தில் நகுமோ வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது. ரயில்வே பிளாட்பாரக் கடையில் எட்டு வருடம் பத்திரிகையும் மிட்டாயும் விற்றவள். 'பாஸ்' என்றால் என்ன, 'ட்ரெபிள்' என்றால் என்ன என்று முதல் நாளே சகாகியிடம் கேட்டாள். சகாகிக்கு அன்றைக்கு அவள்மேல் பாசம்கூட வந்தது. பாவம், ஒன்றும் தெரியாத பெண், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அந்தப் பாசத்துக்கு ஆயுசு இரண்டு மாதம்.

நகுமோ எழுதிய அட்டையைப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கினார்கள். டிசம்பரில் மேனேஜரே அவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு பொரித்த கோழித்துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, "நகுமோ சான், உங்க அட்டையும் ருசி, கோழியும் ருசி," என்றார். சகாகி பதினொரு வருடமாக அதே மேஜையில் புளிப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை தின்கிறாள். ஒரு நாளாவது ஒரு வார்த்தை? அன்றைக்கு அவளுக்கு உருண்டை இறங்கவில்லை.

மார்ச் வந்தது. மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் ஒரு போட்டி வெச்சுப் பாக்கலாம். ஆளுக்கு ஒரு இயர்போன், ஒரு அட்டை. ஒரு வாரம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொங்க விடுவோம். ஞாயித்துக்கிழமை பாத்து முடிவு பண்ணலாம்."

"போட்டியா?" என்றாள் சகாகி.

"ஐயோ, சகாகி சான் கூடவா? எனக்கு வேண்டாம் சார்," என்று நகுமோ கையை ஆட்டினாள். அந்தப் பணிவுதான் சகாகிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சகாகி மூன்று நாள் யோசித்து, 'குரல் தெளிவு, கீழ்ச்சத்தம் அளவு, மேல்சத்தம் கூசாது, வெளிச்சத்தத் தடுப்பு மிக நன்று' என்று எழுதினாள். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நகுமோ இப்படி எழுதினாள்:

'இதை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். சக்கரச் சத்தம் கேட்கவில்லை. அகிஹபாரா வந்துவிட்டது என்ற அறிவிப்பும் கேட்கவில்லை. இரண்டு ஸ்டேஷன் தள்ளி, சுய்தோபாஷியில் இறங்கினேன். மேனேஜர் திட்டினார்.'

திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. ஜனங்கள் அட்டையைப் படிப்பார்கள், மகரந்தத்துக்குப் பயந்து போட்ட முகமூடிக்குள் ஒரு 'ஹு' சத்தம் வரும், நகுமோவின் இயர்போனைக் காதில் மாட்டுவார்கள், தலையை ஆட்டுவார்கள், பெட்டியோடு கவுன்டருக்குப் போவார்கள். பக்கத்தில் தொங்குகிற சகாகியின் இயர்போன் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

'ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கினாளாம்! தூங்கியிருப்பா கழுதை! இது ஒரு விமர்சனமா?' என்று சகாகிக்கு வயிறு எரிந்தது. அந்த அட்டையில் பொய் எதுவும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அப்படி எரிந்தது.

மேடையில் தொங்குகிற இயர்போன்களை ஈரத்துணியால் துடைத்து ரப்பரைச் சரிபார்க்கும் வேலை அந்த வாரம் சகாகியின் முறை. புதன்கிழமை காலை, கடை திறக்குமுன், நகுமோவின் இயர்போனைத் துடைத்தாள். நடு அளவு ரப்பரைக் கழற்றினாள். இழுப்பறையில் இருந்ததிலேயே சின்ன ரப்பரை எடுத்தாள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உருவம். மாட்டினாள். தயங்கவில்லை. தயங்கியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பின்னால் நினைத்தாள்.

பதினொரு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அவள் செய்தாள், தலைகீழாக. சின்ன ரப்பர் முக்கால்வாசிப் பேர் காதில் ஆடும். ஆடினால் வெளிச்சத்தம் ஓடிவரும், கீழ்ச்சத்தம் ஓடிப்போகும்.

பத்தரை மணிக்கே பலன் கிடைத்தது. ஒரு கல்லூரி மாணவன் மாட்டிப் பார்த்துவிட்டு நண்பனிடம், "சுய்தோபாஷியாம்! எனக்கு இந்தக் கடைப் பாட்டே கேக்குதுடா," என்று சொல்லித் தொங்கவிட்டான். அடுத்தவர் அட்டையைப் படித்துச் சிரித்தார், மாட்டினார், சிரிப்பு போய்விட்டது. வியாழக்கிழமை சகாகியின் இயர்போன் முந்தியது. அவளுக்குள் தேன் வடிந்தது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

நகுமோ வீட்டிலிருந்து வரும்போது தன்னுடைய சொந்த இயர்போனில்தான் கேட்டுக்கொண்டு வருவாள். மேடையில் தொங்குவதைத் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அது துடைக்கிறவர் பொறுப்பு; அந்தக் கடையில் ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் கை வைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கோழித்துண்டைத் தொடாமல் வெள்ளை அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சகாகி சான், நான் ரொம்ப மிகையா எழுதிட்டேனோ? படிச்சுட்டு ஏமாந்து போறாங்க. மாத்தி எழுதணும். நீங்க கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்."

"உங்களுக்குத் தோணினதை எழுதுங்க," என்றாள் சகாகி. வாயிலிருந்த பிளம் கசந்தது. அது புளிக்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமான உருவம், மகரந்த ஒவ்வாமையில் கண் சிவந்திருந்தது. யாரையும் கேட்காமல் நகுமோவின் இயர்போனை எடுத்து மாட்டினார். அப்படியே நின்றுவிட்டார். ஒரு பாட்டு முழுக்க நின்றார்.

"விழல! இது கழண்டு விழலயே!" என்று சத்தமாகவே சொன்னார். நகுமோ ஓடி வந்தாள். "நான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன்மா. நாளெல்லாம் அந்தத் துளைக்கிற மெஷின் சத்தம். போகும்போதும் வரும்போதும் ரயில்லயாவது பாட்டு கேக்கலாம்னா எதை மாட்டினாலும் விழும், இல்லேன்னா வலிக்கும். என் காதுதான் கோணல்னு நெனச்சிட்டிருந்தேன்."

நகுமோ இயர்போனை வாங்கினாள். முனையைத் திருப்பிப் பார்த்தாள். ரப்பரை விரலால் ஒருமுறை அமுக்கினாள். பிறகு தலையைத் தூக்கி நேராகச் சகாகியைப் பார்த்தாள். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். தீர்ந்தோம், பதினொரு வருஷமும் போச்சு என்று சகாகி நினைத்தாள்.

"இது சின்ன ரப்பர்ங்க," என்றாள் நகுமோ அந்த அம்மாளிடம். "சகாகி சான் மாட்டினது."

"அட, இப்படி ஒரு யோசனையா? சொல்லவே இல்லையே சகாகி சான்!" என்றார் மேனேஜர். அந்த அம்மாள் சகாகியின் எதிரில் வந்து குனிந்தார், மறுபடி குனிந்தார். சகாகியும் குனிந்தாள். நிமிர்வதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் தன்னோடு வேலை பார்க்கிற நான்கு பேரை இழுத்து வந்தார்; நான்கு பேரும் நகுமோவின் இயர்போனையே வாங்கினார்கள். மேனேஜர் வேறெதையும் பார்க்கவில்லை. "நகுமோ சானோட இயர்போன்தான் இந்த வருஷம்," என்றார். அட்டையில் மட்டும் நகுமோ இரண்டு வரி சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன் எஸ்கலேட்டர் பக்கத்தில் அட்டை நின்றது. பத்தாவது வருடம், வேறொருத்தியின் கையெழுத்து. சகாகி கடைசி வரிகளைப் படித்தாள். 'காது சின்னதா? சின்ன ரப்பர் போட்டுத் தரச் சொல்லி சகாகி சானைக் கேளுங்கள். அது அவருடைய யோசனை.'

நகுமோ பக்கத்தில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சகாகிக்கு அடக்க முடியவில்லை.

"நகுமோ சான், நான் அதை நல்லதுக்குப் போடல. உங்களைக் கண்டா எனக்குப் பொறாமை. அதான் போட்டேன்."

"தெரியும்," என்றாள் நகுமோ, துடைப்பதை நிறுத்தாமல். "பிளாட்பாரத்துல பக்கத்துக் கடைக்காரி என் பத்திரிகைக் கட்டைத் தலைப்பு தெரியாதபடி திருப்பித் திருப்பி வெப்பா. எட்டு வருஷம் பாத்தவ நான். சனிக்கிழமை ரப்பரைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் என் பேரை எழுதினீங்க?"

"மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நாள் திட்டுவார், நீங்க மன்னிப்பு கேப்பீங்க, அதோட முடிஞ்சிடும். எனக்கு அது போதல. வெள்ளிக்கிழமை உங்ககிட்டயே வந்து சொல்லிக்குடுங்கன்னு கேட்டேன் பாருங்க, அதை என்னால மறக்க முடியல. நீங்களும் மறக்க வேண்டாமேன்னுதான் எழுதினேன்."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பத்து மணி அடித்தது, எஸ்கலேட்டர் நகர ஆரம்பித்தது. முதலாவதாக ஏறி வந்த பெண் அட்டையைப் படித்தாள், முகமூடிக்குள் சிரித்தாள், பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இங்க சகாகி சான்ங்கிறது யாருங்க?"

நகுமோ இரண்டு கையையும் நீட்டி மரியாதையாகக் காட்டினாள். சகாகி முன்னால் வந்து குனிந்து, "நான்தாங்க," என்று சொல்லிவிட்டு, சின்ன ரப்பர் எடுக்க இழுப்பறையைத் திறந்தாள்.