x⁴ + 4 பிரியாது என்று நினைத்தேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வார்ப்புப் பட்டறையில் கிராணியாக இருந்தேன். அங்கே அல்ஜீப்ரா வரை படித்த குமாஸ்தா நான் ஒருவன்தான். அதனால் படம் வரையும் ஆபீசுக்கு ஆள் எடுக்கும்போது கணக்குத் தாளைத் தயாரிப்பதும் திருத்துவதும் என் தலையில் விழும். விழும் என்று சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்காது.

அந்த முறை இருந்தது ஒரே இடம். எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் உலையில் வேலை செய்தவர். புகையில் நெஞ்சு கெட்டு எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். இனி உலைப் பக்கம் நிற்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். இந்த இடம் கிடைக்காவிட்டால் அவருக்குப் பட்டறையில் வேறு வேலை இல்லை.

ஆட்களை மாட்டிவைக்கவே ஒரு கணக்குப் போட்டிருந்தேன்: x⁴ + 4 என்பதைக் காரணிப்படுத்துக. நடுவில் கழித்தல் இருந்தால் பிரியும், கூட்டல் இருந்தால் பிரியாது என்பது நான் பிடித்துவைத்திருந்த பாடம். x² + 4 பிரியாதல்லவா, இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ‘பிரியாது’ என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன். உலைக்காரர் இரண்டு காரணிகள் எழுதியிருந்தார். முதல் வரியைப் பார்த்ததுமே குறுக்கே கோடு இழுத்துவிட்டேன். அந்த ஒரு கணக்கால் அவர் இரண்டாமிடத்துக்கு இறங்கினார்.

அந்தக் கணக்கை நான் தப்பென்று அடித்ததைக் கேள்விப்பட்டு, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார்.

“கிராணியாரே, அந்தக் கணக்க ஒரு தடவ பெருக்கிப் பாத்தீங்களா?”

“கூட்டல் இருந்தா பிரியாதுப்பா. அதப் போயி எதுக்குப் பெருக்கணும்?”

“பெருக்கிப் பாருங்க. தப்புன்னா நான் போயிடுறேன்.”

எரிச்சலோடுதான் பென்சிலை எடுத்தேன். x² + 2x + 2, x² − 2x + 2. பெருக்கியதும் நடுவில் வந்தவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியது x⁴ + 4. இன்னொரு முறை பெருக்கினேன். அதேதான். காது சூடாகிவிட்டது. விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், 4x²-ஐக் கூட்டி, அதையே கழித்து, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக மாற்றியதை அவர் வரி வரியாகக் கீழே எழுதியிருந்தார். நான் அதைப் படிக்கவே இல்லை.

தேர்வுப் பட்டியல் பட்டறை மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். பிறகு போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். துரை திட்டவில்லை. இடம் உலைக்காரருக்குப் போனது. பட்டியலில் முதலில் இருந்தவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் கணக்குத் தாள்களைத் துரையே திருத்தினார். எல்லாம் நியாயம்தான்.

உலைக்காரர் வந்து நன்றி சொன்னபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வெட்கப்பட்டேன். அதற்கு முன் இரண்டு வருடம் நான் இப்படித்தான் திருத்தியிருந்தேன். வந்து கேட்கத் துணியாமல் உலைக்கே திரும்பிப் போனவர் யாராவது உண்டா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.