ஈஸ்டருக்கு மறுநாள்

எங்கள் தெரு ஆண்கள் வருடத்தில் ஒரு நாள், சாம்பல் புதனன்று, மொத்தமாக நல்லவர்களாகிவிடுவார்கள். நெற்றியில் சாம்பலோடு கோயில் படி இறங்கும்போதே முகம் மாறியிருக்கும். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும், தபசுகாலம் முழுக்க, கறி இல்லை, மது இல்லை. சிலர் செருப்புகூடப் போடமாட்டார்கள். என் தம்பி செருப்பு போடுவான், ஆனால் குடிக்கமாட்டான். விசைப்படகில் டிரைவர் அவன். விடியுமுன் கடலுக்குப் போய், இருட்டியதும் கரை திரும்பி, மற்ற நாட்களில் நேராக ஒயின்ஷாப்புக்குப் போகிறவன், அந்த நாற்பது நாளும் நேராக வீட்டுக்கு வருவான். சோறு தின்பான். டிவி பார்ப்பான். அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவான்.

எங்களைக் கெடுத்தது அந்த நாற்பது நாள்தான்.

"குடிகாரனா இருந்தா இம்புட்டு நாள் வாயக் கட்டிட்டு இருக்க முடியுமாளா? எம்புள்ள நெனச்சா நிறுத்திருவான்" என்பாள் அம்மா.

"நெனக்க மாட்டேங்கானே, அதான சங்கதி" என்பேன் நான். ஆனாலும் உள்ளுக்குள் நானும் அதைத்தான் நம்பினேன். நம்புவதற்கு வேறு எதுவும் கைவசம் இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது அம்மாவின் துக்கம், என்னுடையது அல்ல. துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். தம்பிக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வியே அவன் குடியைப் பற்றித்தான். அம்மா கூசாமல், "தபசுல ஒரு சொட்டு தொடமாட்டான்" என்று பதில் சொல்வாள். கேட்டவர்களும் ஏதோ பட்டம் வாங்கியவனைப் போல அவனைப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அது செல்லுபடியாகும் பதில்.

ஈஸ்டர் அன்று காலையில் புன்னைக்காயலிலிருந்து தாய்மாமன் பாட்டிலோடு வருவார். விரதம் இருந்த மருமகனுக்கு முதல் கிளாஸை அவர் கையால் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அது எங்கள் குடும்ப வழக்கம். அம்மா தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறி வறுத்து வைப்பாள். அந்தக் கிளாஸுக்குப் பிறகு தம்பியை ஒரு வாரத்துக்கு மனுஷனாகப் பார்க்க முடியாது. விட்டதையெல்லாம் பிடித்துவிடுவான். நாங்களும் அவன் விரதம் முடித்ததைக் கொண்டாடிவிட்டு, அவன் வாந்தியைக் கழுவிவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் உடம்பு அந்த வழக்கத்துக்கு ஒத்துக்கொள்ள மறுத்துவிட்டது. சாம்பல் புதனன்று எப்போதும்போலச் சட்டென்று நிறுத்தினான். மறுநாள் கை நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான். சுவரில் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. இயேசு முதல் முறை கீழே விழுகிறார் என்று வாசித்து எல்லாரும் முழங்காலிட்ட நேரத்தில், அவன் மட்டும் குப்புற விழுந்தான்.

முதலில் யாரும் அசையவே இல்லை. பக்தி முற்றிப்போய் விழுந்திருக்கிறான் என்று நினைத்தார்களாம். பிறகு கைகால் வெட்டி இழுத்து வாயில் நுரை வந்தது. ஒரு பெண் உரக்கச் செபிக்க ஆரம்பித்தாள். யாரோ தீர்த்தம் கொண்டு வந்து முகத்தில் அடித்தார்கள். அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாத்தான் சோதிக்கான் மக்கா, விட்டுராத, கெட்டியாப் புடிச்சிக்கோ" என்று அழுதாள். அவள் அவனுடைய விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் கோயில் என்றுகூடப் பார்க்காமல் "ஆட்டோவக் கூப்பிடுங்களேன்!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இத்தனை வருடம் குடித்த உடம்பு. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். மருந்து கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தபசுகாலத்துல எம்புள்ளைய குடிக்கவா சொல்லுதீய?"

"குடிக்கச் சொல்லலம்மா. வைத்தியம் பாக்கச் சொல்லுதேன். இது விரதம் இல்ல, நோய்."

அந்த வார்த்தையை அம்மா வீடு வரும்வரை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தாள். மகன் தப்பு செய்கிறான் என்றால் அவளுக்குத் திட்டத் தெரியும், வேண்டிக்கொள்ளத் தெரியும். நோய் என்றால் என்ன செய்ய? எனக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குச் சும்மா இருக்கவும் தெரியாது.

ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அந்த வருட ஈஸ்டர் அவனுக்கு அங்கேயே கழிந்தது. திரும்பி வந்தான். மாதா திருவிழாவில் மறுபடி சறுக்கினான். மறுபடி கொண்டுபோய் விட்டோம். இரண்டாவது முறை வந்தபோது ஆள் மெலிந்து, பேச்சு குறைந்து, கண் மட்டும் தெளிந்திருந்தது. மழைக்காலம் முழுக்கக் குடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் குடிக்கவில்லை. புது வருடத்துக்கும் குடிக்கவில்லை.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட நான் நன்றாகத் தூங்கினேன். என்ன நடக்கும் என்று தெரியும். இப்போது தெரியவில்லை. ஆபீசில் ஒரு பில்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். அவன் கரைக்கு வரும் நேரத்தில் போன் போடுவேன். "எங்கனலே இருக்க?" "ஏலத்துல இருக்கேங்க்கா." பின்னால் மீன் ஏலம் விடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். அரைமணி கழித்து மறுபடி. "இப்ப எங்கன?" வீட்டுக்கு வந்தால் ஏதாவது சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை மோப்பம் பிடிப்பேன். மையத்தில் ஆலோசனை சொல்லும் பெண், "அவரக் காவல் காக்காதீங்க. உங்களுக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது" என்று சொல்லித்தான் அனுப்பினார். சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் தம்பியே சொன்னான். "எக்கா, நீ போன் போடுதப்பல்லாம் எனக்கு அந்த நெனப்பு வருது. நானே மறந்துதான் இருப்பேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த நாளும் போன் போட்டேன். ஆனால் என்ன மீன் பட்டது என்று மட்டும் கேட்டேன்.

சாம்பல் புதன் வந்தது. அம்மா உற்சாகமாகிவிட்டாள். தபசுகாலம் அவளுக்குத் தெரிந்த நிலம். மகன் அதில் என்றைக்கும் தோற்றதில்லை. "இந்தத் தபசுக்கும் குடிய விட்டிருலே மக்கா" என்றாள்.

"நான் விட்டது தபசுக்காக இல்லம்மா" என்றான். அம்மாவுக்குப் புரியவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். அந்த ஆறேழு வாரமும் அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். நானோ காலண்டர் பக்கம் போகவே பயந்தேன். அவன் உடம்புக்குப் பழகிய கணக்கு ஒன்று இருக்கிறதே! ஈஸ்டர் வந்தால் முடிந்தது என்றல்லவா அத்தனை வருடமும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மாமாவுக்குப் போன் செய்து, பாட்டிலோடு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று சொன்னேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஊத்துன ஒரு கிளாஸ்லயாளா அவன் இப்படி ஆனான்? தாய்மாமன் முறைய நீ எனக்குச் சொல்லித் தாரியோ?" நானும் விடவில்லை. அம்மா ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளோடும் ஒரு சண்டை. "கறி என்னளா செஞ்சுது?" என்றாள். கறி ஒன்றும் செய்யவில்லைதான். அந்த வாசனைக்கு எது பின்னால் வரும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கடைசியில் கறிக்குப் பதில் கோழி என்று சமாதானம் ஆயிற்று.

அந்த வருடம் ஈஸ்டருக்குச் சற்று முன்னாலேயே மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. அவனுக்குக் கடலும் இல்லை.

ஈஸ்டர் காலையில் மாமா வெறுங்கையோடு வந்தார். என் பேச்சைக் கேட்டு வந்தாரே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வந்தவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா குசினி அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நான் துடைத்த மேசையையே துடைத்தேன். நாங்கள் மூன்று பேரும் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் அதைத் தாங்கினான். பிறகு எழுந்து, "படகப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டான்.

கோழிக் குழம்பு ஆறியது. பன்னிரண்டு மணிக்கு ஒயின்ஷாப் திறக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். கட்டிக் கிடந்த படகுகளின் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், "இங்கன வந்தான், அப்பவே போயிட்டானே" என்றார்கள். அவர்கள் பக்கத்தில் கிளாஸ்கள் இருந்தன. பழைய கூட்டாளி ஒருவன் வீடு மாப்பிள்ளையூரணியில், அங்கே ஓட்டினேன். அவன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே தெரிந்தது, அவன் தனியாகவே விரதம் முடித்துவிட்டான் என்று. தம்பி வரவில்லை. போன் போடலாம் என்று பையைத் துழாவினால் போன் இல்லை. குசினியில் சார்ஜில் போட்டது அங்கேயே இருக்கிறது. வெயிலில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தால், எங்கள் தெருவுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒயின்ஷாப்புக்கு எதிர்ப்புறம், பூட்டிக் கிடந்த ஒரு சைக்கிள் கடையின் ஷட்டரில் சாய்ந்து தம்பி நின்றான். சட்டை முழுக்க வியர்வை. போனைக் காதில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தினான்.

"போன எடுக்க மாட்டியாக்கா நீ? எத்தன தடவ அடிக்கேன்! எங்கன போய்த் தொலைஞ்ச?"

வருடக்கணக்கில் நான் அவனிடம் கேட்ட கேள்வி அது.

"உன்னத் தேடித்தாம்ல போனேன்" என்றேன்.

"என்னத் தேடுனியா? நான் இங்கன நின்னு உன்னக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ரோட்டத் தாண்டவும் முடியல, வீட்டுக்கு வரவும் முடியல."

ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டான். என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மூச்சில் எந்த வாடையும் இல்லை. இந்த முறை நான் மோப்பம் பிடிக்கவில்லை, அவனாகவே அவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்தால் அம்மா என் போனுக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் பெயர் மின்னி மின்னி அடித்ததாம். என்ன சேதி வருமோ என்ற பயத்தில் எடுக்கவில்லையாம். மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தம்பி கையைக் கழுவிவிட்டுச் சோறு கேட்டான். ஆறிய குழம்பை ஊற்றி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். மாமா கிளம்பும்போது அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கடலுக்குப் போகிற உடம்பு தடைக்காலம் பார்க்குமா? வழக்கம்போல இருட்டோடு எழுந்துவிட்டான். நான் எழுந்து வந்தபோது விடிந்திருந்தது. வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரு முழுக்க உறக்கம். ஈஸ்டர் கொண்டாடிய வீடுகளில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அந்தத் தெரு அந்த நாளில் எப்படி இருக்கும் என்று அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முந்தின வருடம் மையத்தில் இருந்தான்; மற்ற வருடங்களில் அன்றைக்கு அவன் சுருண்டு கிடப்பான்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"எக்கா, ஈஸ்டரும் முடிஞ்சிட்டு. இனி எது வரைக்கும்?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் என்று ஆபீசிலும் வீட்டிலும் எனக்குப் பெயர். அவன் முகத்தைப் பார்த்தேன். சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறான்.

"தெரியலலே" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாம்ல இருக்கு" என்றேன். இத்தனை வருடத்தில் அவனைத் திட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், துரத்தியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு வாசற்படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டான்.