தொட்டிக்குப் பின்னால் தொங்கும் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமல்லபுரத்தில் ஈ.சி.ஆரை ஒட்டிய அபார்ட்மென்ட். பால்கனியில் நின்றால் கடல் தெரியும்.

வாசலில் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. அவள் கணவர் பிரபு என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போனார். புதுசாகக் குழந்தை பிறந்த வீட்டில்தான் இப்படி இழுப்பார்கள்.

ஹாலில் உப்புநீர் மீன் தொட்டி. உள்ளே பவளம், ஆரஞ்சு நிற மீன்கள், நீல வெளிச்சம். எதிரே அவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது... ஆனால் தொட்டிக்கு உப்பு கூரியரில் வருகிறது. வெளிநாட்டு உப்பு. நம்ம ஊர்க் கடலின் உப்பு தரமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை காட்ட நினைத்தது தொட்டியை அல்ல. அதன் பின்பக்கக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியை.

"ரெஃப்யூஜியம் மச்சான். அடைக்கலம்னு அர்த்தம். ஹேங்-ஆன் மாடல். மோட்டாரு தண்ணிய இதுக்குள்ள தள்ளும். உள்ள பாசி கீது பாரு... அது அழுக்கெல்லாம் இழுத்துக்கினு சுத்தமான தண்ணிய திருப்பி வுட்டுடும்."

எட்டிப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது.

"அதுல குட்டி குட்டியா பூச்சி வளருது. தொட்டில வுட்டா மீனு தின்னுடும். இங்க சேஃபா குட்டி போடும்."

"அப்புறம்?"

"அப்புறம் வழிஞ்சு தொட்டிக்குள்ள போவும். மீனு தின்னும்."

அடைக்கலம் கொடுத்து, வளர்த்து, பிறகு இலையில் வைப்பது. இதற்குப் பெயர் ஜீவகாருண்யமா?

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து வந்தாள். ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலை. மதிய டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இத மாட்டுனதுலேர்ந்து பின்னாடி ஒழுவுது. பாசி போயி வழிய அடைச்சுக்குது. சொன்னா கேக்க மாட்றாரு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது," என்றார் பிரபு.

ஆனது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஹாலில் தொப்பென்று ஒரு சத்தம்.

பெட்டியின் வாயைப் பாசி அடைத்திருக்கிறது. மோட்டாருக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டி நிரம்பி, பாசியோடு சுவரோரமாக வழிந்து, டைல்ஸ் முழுக்க உப்புத் தண்ணீர். கைப்பையை எடுக்கப் போன ஸ்டெல்லா வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள்.

இரண்டு பேரும் ஓடினோம். நான் ஸ்டெல்லாவிடம். அவர் பெட்டியிடம்.

பிளக்கைப் பிடுங்கினார் — சரி, அது வேண்டியதுதான். அடுத்து, தரையில் கிடந்த பாசியை இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தார்.

"மச்சான், அந்த பக்கெட்ட எடு. பூச்சியெல்லாம் தரைல போவுது."

"என்னங்க, கை வீங்குது," என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு நிமிஷம்மா."

கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மாறியது.

"யோவ், உன் பொண்டாட்டி தரைல உக்காந்துகினு கீறா."

"தெரியுது மச்சான். இதுங்க தண்ணி இல்லாட்டி செத்துடும்."

நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் போட்டு முடித்த பிறகு பிரபு வந்தார். முழங்கால் வரை ஈரம். முகம் வெளுத்திருந்தது. "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டபோது குரல் நடுங்கியதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெல்லா ஒன்றே ஒன்று கேட்டாள். "பெட்டிய கழட்டிட்டீங்களா?"

"இல்ல... இந்த பக்கமா மாத்தி மாட்டலாம்னு..."

"அண்ணா, நான் உன் வூட்டுக்கு வரேன்."

இந்த வாரம் முழுக்க அவள் செங்கல்பட்டில், எங்கள் வீட்டில்தான். ஸ்பூனால் இட்லி சாப்பிடுகிறாள். மாப்பிள்ளை காலையும் மாலையும் போன் செய்கிறார். பெட்டி இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

மீன் வளர்ப்பவர்கள் மென்மையானவர்கள் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் பார்த்துப் பார்த்து எதையோ வளர்க்கிற பலருக்கு, வீட்டில் தானாக வளர்ந்து நிற்கிற மனுஷி கண்ணில் படுவதில்லை. அவளுக்கு மோட்டார் வேண்டாம், லைட் வேண்டாம் — அதனால் கவனமும் வேண்டாம் போலிருக்கிறது.

நேற்று ஸ்டெல்லா தன் போனை என்னிடம் நீட்டினாள். பிரபு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். தொட்டியின் போட்டோ. கீழே, 'வீட்டில் சின்ன வெள்ளம். கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் சேஃப்.'

போனைத் திரும்ப வாங்கி, இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் போட்டாள்: 'எல்லாரையும் எண்ணிப் பாத்தீங்களா?'

நேரம் எடுத்தது. ஆனால் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.