மன்னார் வரைதான் நடந்தேன்

மாதாவின் பிள்ளைகளான உங்களுக்கு என் துயரத்தையும், அதற்குள் கிடைத்த இரக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். கட்டிலில் கிடந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதுகிறேன்.

நான் தலைமன்னாரில் ஒரு மீனவரின் மனைவி. கொரோனாக் காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்து மாறியது. பிறகு எல்லோரையும் போல ஊசியும் போட்டேன். அதற்குப் பிறகு நான் பழைய மனுசி இல்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மறுநாள் முழுவதும் படுக்கை. நெஞ்சு படபடக்கும். பேசும்போதே சொல் மறந்துபோகும். சோதித்த இடமெல்லாம் இரத்தம் நல்லது, படம் நல்லது என்றார்கள். கணவரின் தாய், என் மாமி, ஊசியைத் திட்டினா. கணவர் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைத் தானே வடித்து, சட்டியைப் படாரென்று வைப்பார். அந்தச் சத்தம் என்னைக் கொன்றது.

ஒருநாள் மகள் காதுக்குள் கேட்டாள்: “அம்மா, நீங்கள் நடிக்கிறீங்களோ? அப்பா அப்பிடித்தான் சொன்னவர்.”

அன்றைக்குச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ‘மாதாவே, என்னைச் சுகப்படுத்தும். இல்லாவிட்டால் இவர்கள் என்னை நம்பவாவது செய்யும்.’ மாதாவிடமும் பேரம் பேசுகிற ஆள் நான். மடு மாதா கோவிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்த்தியும் வைத்தேன்.

ஆடித் திருவிழாவுக்கு ஊர்ச் சனத்தோடு புறப்பட்டேன். வழியிலுள்ள மன்னார் வரை நடந்துவிட்டேன்! மாதா கேட்டுவிட்டா என்று ஆனந்தத்தில் அழுதேன். அடுத்த நாள் விடிய, தங்கிய வீட்டில் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. கணவர் ஓட்டோவோடு வந்தார்.

“நேற்று நடந்தனிதானே, இண்டைக்கு ஏலாதோ? ஊர் சிரிக்கப்போகுது.”

செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் ஏற்றிக்கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, எல்லாவற்றையும் கேட்டா. பிறகு கணவரைப் பார்த்தா.

“அண்ணை, இவ நடிக்கேல்லை. கொரோனா மாறின பிறகும் இப்பிடிக் கிடக்கிற ஆக்கள் எல்லா நாட்டிலையும் இருக்கினம். உடம்பை வருத்தினா அடுத்த நாள்தான் அடிக்கும். சோதனையிலை பிடிபடாது.”

“அப்ப ஊசியாலையோ, டொக்டர்?”

“ஊசிக்குப் பிறகு வருத்தம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், குறைவு. அதையும் ஆராயுறாங்கள். கொரோனாவுக்குப் பிறகு வாறதைத்தான் கூடக் காணுறம். இவவுக்கு எதாலை எண்டு என்னாலை அடிச்சுச் சொல்லேலாது. சுகமாக்கிற மருந்தும் இன்னும் தேடுகினம். இப்போதைக்கு ஏலுமான அளவுக்குத்தான் இவ அசைய வேணும். படுத்திருக்கிறது சோம்பல் இல்லை.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய்க்கு ஆயிரம் நன்றி. என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அண்ணனைக் கடலில் பறிகொடுத்தபோதும் அழாத மனுசன். “என்னை மன்னிச்சுக்கொள்ளு” என்றார். மிச்ச வழியை அவர் நடந்தார். மன்னாரிலிருந்து மடு வரைக்கும், எனக்காக, செருப்பில்லாமல்.

நான் இன்னும் சுகமாகவில்லை. பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மைக்குக்கூடக் கோவிலுக்குப் போக முடியவில்லை. அவள் வெள்ளைச் சட்டையோடு கட்டிலருகே வந்து நின்றாள். இருவரும் அழுதோம். கேட்ட இரண்டில் ஒன்றை மாதா தந்தா. மற்றதற்காக இப்போது வீடே என்னோடு சேர்ந்து செபிக்கிறது.

நீங்களும் மாதாவை நம்புங்கள். அத்தோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் “எனக்கு ஏலாது” என்றால் அவரையும் நம்புங்கள். கண்ணால் காணாத கடவுளை நம்புகிற நாங்கள், கண் முன்னால் கிடக்கிறவளை நம்பக் கூடாதா?