அவர் என்னைப் பார்க்கவே இல்லை

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தேன். மெஷின் பெல்ட்டை மூடியிருந்த கம்பி வலையைப் பழுதுபார்க்கக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவே இல்லை. தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கரிடம் நானும் உடன் வேலை செய்த செல்வியும் பலமுறை சொன்னோம். "பாத்து வேலை செய்யுங்க, ஒன்னும் ஆகாது" என்பார்.

ஒரு நாள் காலை, சிந்திய தூளைக் கூட்டக் குனிந்தேன். தூசிக்காகக் கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பெல்ட் கவ்வி இழுத்தது. கத்தக்கூட முடியவில்லை. செல்வி ஓடிப்போய் சுவிட்சை அணைத்ததால்தான் பிழைத்தேன்.

மெஷின் சத்தம் நின்றதும் டீமேக்கர் ஓடிவந்தார். தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த என்னை அவர் பார்க்கவே இல்லை. "யாரு மெஷினை நிப்பாட்டச் சொன்னது?" என்று செல்வியை அதட்டினார்.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா, அவ நிப்பாட்டலைன்னா இப்ப நீங்க என் பொணத்தைத்தான் தூக்கணும். இனி நான் வரமாட்டேன்."

"தோட்டம் குடுத்த லயத்து வீட்டுல இருந்துக்கிட்டு வேற எங்க போவ?"

"அதை நான் பாத்துக்கிறேன்" என்று வெளியே நடந்தேன். செல்வியும் கூடவே வந்துவிட்டாள்.

இப்போது இருவரும் பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறோம். ஆபத்தை ஒருமுறைதான் சொல்வேன், சரிசெய்யாவிட்டால் கிளம்பிவிடுவேன் என்று சேர்ந்த அன்றே முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சொல்லுங்க தங்கச்சி. சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க."

– ஸ்டெல்லா, பண்டாரவளை