விரத நாட்களில் வந்த தும்மல்

மகளுக்கு ஒன்பது வயது. இறால், முட்டை, நிலக்கடலை மூன்றும் அவள் சாப்பாட்டில் ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. கையில் சொட்டு வைத்து ஊசி முனையால் கீறிப் பார்த்த ஒவ்வாமைச் சோதனையில் அந்த மூன்றுக்கும் தோல் தடித்தது. வீட்டுத் தூசுக்கும் கரப்பான் பூச்சிக்கும்கூடத் தடித்தது. ஒன்றரை வருடம் பத்தியம் காத்தோம். அப்படியும் ஆண்டின் தொடக்கத்தில் வெயில் ஏறினால் கண் சிவக்கும், மூக்கு அடைக்கும், தும்மல் நிற்காது. எடையும் ஏறவில்லை. இனிப் பாலையும் கோதுமையையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை என் வேலை. மணிக்கொரு மாதிரி எடுத்து எழுத வேண்டும். அதே பழக்கத்தில் மகளுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன்: என்ன சாப்பிட்டாள், எப்போது தும்மினாள், மழையா வெயிலா. "புள்ளைக்கு மூக்கத் தொடச்சி விடுங்க மொதல்ல. கிராணி மாதிரி கணக்கு எழுதுற வேலைய அப்புறம் பாக்கலாம்லா," என்பாள் மனைவி.

புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பங்குனியில் காப்புக் கட்டினால் மூன்று வாரம் மீன், முட்டை, இறைச்சி எதுவும் வீட்டுக்குள் வராது. அந்த ஆண்டு அந்த மூன்று வாரமும் மகள் முன்னெப்போதும் இல்லாத அளவு தும்மினாள். அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்கா வந்து நின்றார்.

"ஸ்கூல்ல எவளோ பர்த்டே கேக் குடுத்துருப்பா. முட்டை இல்லாத கேக் உண்டா? வெரதம் கெட்டுப்போச்சுலா தம்பி, ஆத்தா காட்டுறா."

"நான் கேக்கே தின்னல அத்தை! ஆத்தாகிட்டயே கேளுங்க," என்றாள் மகள், இரண்டு தும்மலுக்கு நடுவில்.

நானும் கேக்கைத்தான் சந்தேகித்தேன். வெட்கமில்லாமல் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையிடம் கேட்டேன். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். முந்தின ஆண்டும் அதே வாரங்களில்தான் தும்மியிருந்தாள். மழை மாதங்களில் தினமும் பால், வாரத்துக்கு இரண்டு நாள் கோதுமை மாவில் சுட்ட ரொட்டி சானாய். அந்தப் பக்கங்களில் தும்மல் இல்லை.

நோட்டோடு மருத்துவர் முன் உட்கார்ந்தேன். "ரப்பர் பூக்கும் நேரம் டாக்டர். மகரந்தமா இருக்கும்."

அவர் சிரித்தார். "அண்ணே, நம்ம ஊர்ல ஏது வசந்த காலம்? அதெல்லாம் குளிர் நாட்டுக் கதை."

"குளிர் நாட்டுல வெரதம் இருக்காங்களா டாக்டர்?"

"என்ன சொல்றீங்க?"

விரத நாட்களுக்கென்று நான் நீலக் கோடு போட்டிருந்த பக்கங்களைத் திறந்து வைத்தேன். முட்டை வாசனையே இல்லாத மூன்று வாரம் அவை. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் படித்தார். போன தடவை மகரந்தம் எதையும் சோதிக்கவில்லை என்று அவரே சொன்னார். ரப்பர் பூவுக்குச் சோதனை மருந்து இல்லை, புல்லுக்கு உண்டு என்றார்.

மருந்து உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது என்பதால், அவள் குடித்துவந்த தும்மல் மருந்தை ஒரு வாரம் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ஏழு நாளும் மகள் பட்ட பாட்டைப் பார்த்து அக்கா என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் புல் மகரந்தத்தின் சொட்டு வைத்த இடம், எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தடித்தது. வெயில் மாதங்களில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு பூத்து நிற்பது புல்தான். நோட்டில் 'ரப்பர் பூ' என்று எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினேன்.

"தடிச்சதெல்லாம் வியாதி இல்ல," என்றார் மருத்துவர் இம்முறை. "சாப்பிட்டா என்ன ஆகுதுன்னும் பாக்கணும்." பத்தியத்துக்கு முன் இறால் தின்ற இரண்டு முறையும் கால் மணி நேரத்தில் உதடு வீங்கியதை எழுதியிருந்தேன், ஆகவே இறால் கூடாது. கடலையைப் பிறகு பார்ப்போம். பாலிலும் கோதுமையிலும் கை வைக்க வேண்டாம் என்றார். முட்டையை மட்டும் வீட்டில் முயலாமல் தன் கண் முன்னால் கொடுக்கச் சொன்னார்.

அவித்த முட்டையைச் சிறு துண்டுகளாகக் கொண்டுபோனேன். முதலில் கடுகளவு, காத்திருப்பு, பிறகு சற்றுப் பெரியது. தாதி ஊசி மருந்தோடு அருகிலேயே நின்றார். கடைசித் துண்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை.

"எப்படிமா இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"உப்பே இல்ல டாக்டர். அப்பா இன்னொன்னு கொண்டாந்துருக்கலாம்."