நியூட்ரலில் இறங்கும் ஊரிலிருந்து வந்தவள்

இன்று காலையும் எனக்காக ஒரு ஜீப் நின்றது. குன்னூர் பக்கத்து அருவங்காட்டிலிருந்து நான் கணக்கு ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்குப் போக, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஏறும் ஒற்றைச் சாலை ஒன்று உண்டு. நான் காரை ஓட்டி ஏறிக்கொண்டிருந்தேன், ஜீப் இறங்கி வந்தது. என்னைப் பார்த்ததும் டிரைவர் கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினார். நான் கடந்தபோது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நான்கு விரலை மட்டும் தூக்கினார். நானும் தூக்கினேன். அவ்வளவுதான். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிற வண்டி காத்திருக்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு நடக்கத் தெரிவதைப் போல இதுவும் தெரிகிறது.

எனக்குத் தெரியவில்லை. நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரி. கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே குடியேறினோம். மலையில் கார் ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் இப்படித்தான் ஒரு ஜீப் எனக்கு எதிரே நின்றது. வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நானும் நின்றேன். அந்த டிரைவர் கையைக் கையை ஆட்டினார். உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று இறங்கி நடந்தே போய், "என்ன ரிப்பேருங்க?" என்று கேட்டேன். அவர் என்னையும், ஏற்றத்தில் ஆளில்லாமல் நிற்கும் என் காரையும் பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்காவத்தானுங்க நின்னுட்டு இருக்கறேன். ஏறி வாங்க, ஊட்டுக்குப் போவோணும்" என்றார். ஒருவர் எனக்காக வழி விட்டு நிற்பார் என்பது என் மண்டையில் அதுவரை ஏறியதே இல்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நம் பக்கத்துச் சாலைகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதிப் பாதிக்குள் எவன் முதலில் மூக்கை நுழைக்கிறானோ அவனுக்கு வழி. நாம் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. எதிரே வரும் பேருந்துக்கும் வாய்க்காலுக்கும் இடையில் ஒரு சாண் இடத்தில் புகுந்து வெளியே வரும் கலை நமக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது இறக்கம்.

நமக்கு வாய்த்த இறக்கமெல்லாம் ஆற்றுப்பாலத்தின் இறக்கம்தான். அப்பா மொபெட்டில் முன்னால் அண்ணனையும் பின்னால் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் திணறித் திணறி ஏறுவார். உச்சிக்கு வந்ததும் இஞ்சினை அணைத்துவிடுவார். சத்தம் திடீரென்று நின்றுபோகும். காற்று மட்டும் காதில் அடிக்கும். "போவுது பாரு, போவுது பாரு" என்று அண்ணன் கத்துவான். வண்டி சும்மாவே உருண்டு கரையோரத்து டீக்கடை வரை போய் நிற்கும். பெட்ரோல் மிச்சம் என்பதை விட, ஆறு நமக்கு இலவசமாக ஏதோ கொடுத்தது போல ஒரு சந்தோஷம். அண்ணன் கார் வாங்கிய பிறகு பாலத்தின் உச்சியில் நியூட்ரல் போட்டான். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நியூட்ரல் போடவும் கற்றுக்கொடுத்தான். இந்த மலையில் அதை மறக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. இங்கே இறக்கத்தில் கியரில் இருந்தால்தான் இஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும், நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான்.

மலைக்காரர்கள் எல்லாரும் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக வளைவில் இறங்கும் உள்ளூர் டாக்ஸிகளை வாரத்துக்கு நான்கு பார்க்கிறேன். என் கார் ஊரில் வாங்கியது. நம்பர் பலகையைப் பார்த்ததும் சுற்றுலா வந்தவள் என்று முடிவு கட்டி, பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பார்கள். "கீழ இருந்து வந்து உசுர வாங்கறாங்க" என்று என் ஜன்னலைப் பார்த்தே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போனால் வேறு கதை. போன பொங்கலுக்கு, பாலத்தில் ஏறி வந்த ஒரு டிராக்டருக்காக என்னையறியாமல் ஓரம் கட்டி நின்றுவிட்டேன். டிராக்டர்காரர் பயந்துபோய் அவரும் நின்றுவிட்டார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவைக்காமல் திட்டினார்கள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது. இனி சொல்லப்போவது அப்படி இல்லை. நடந்து மூன்று வாரம் ஆகிறது.

என் மகள் யாழினி மலையில் பிறந்தவள். பள்ளி முடித்து, மயிலாடுதுறையில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மூன்று வருடமும் அண்ணன் வீட்டில் தங்கப்போகிறாள். அவளை அழைத்துப்போக அண்ணனும் அண்ணியும் தங்கள் வெள்ளைக் காரில் வந்தார்கள். வந்ததே வந்தோம் என்று ஒரு நாள் ஊட்டிக்குப் போனோம். திரும்பும்போது அண்ணன் ஓட்டினான், அண்ணி அவன் பக்கத்தில், நானும் யாழினியும் பின்னால். மழைத்தூறலும் லேசான மூடுபனியும் இருந்தன. லவ்டேல் பிரிவு தாண்டியதும் இஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதி எனக்குத் தெரியும். நியூட்ரல்.

நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் ஓட்டும் வண்டியில் தங்கை பேசுவதில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவன் பிரேக்கை அழுத்தினான், விட்டான், அழுத்தினான். கேத்தியை நெருங்கும்போது ரப்பர் கருகுவதைப் போல ஒரு நாற்றம் வந்தது. அப்போதும் நான் பேசவில்லை. அடுத்த வளைவில் அண்ணன், "என்னடி இது, பிரேக்கு உள்ள போவுது" என்றான். நான் அப்போதுதான் கத்தினேன், "செகண்ட் போடு, செகண்ட் போடு!" கியர் கரகரவென்று அரைத்தது, விழவில்லை. இடப்பக்கம் மண்மேடு இருந்தது. கார் அதில் உரசி, இழுத்துக்கொண்டே போய், நின்றது. வலப்பக்கம் கேத்திப் பள்ளத்தாக்கு. எங்கள் பக்கம் மண்மேடு வந்ததால் நாங்கள் இருக்கிறோம்.

பின்னால் காரட் மூட்டைகளோடு வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார், ஐம்பது வயதிருக்கும். முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"நியூட்ரல்ல உட்டுட்டு வந்தீங்களா?"

"எறக்கந்தானே. அதுவே போவுது" என்றான் அண்ணன்.

"அதுவே போவுமுங்க. அதுவே நிக்காதுங்களே."

அண்ணன் முகம் சிவந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தைப் பார்த்துக் குனிந்தான். டிரைவர் அவன் கையைப் பிடித்துவிட்டார். "அய்யோ, ஊத்தாதீங்க! சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிஸ்க்கு வெடிச்சுப் போயிருமுங்க. சும்மா உடுங்க, அதுவா ஆறும்."

"கையை விடுய்யா" என்றான் அண்ணன். உதவுகிறவரை வம்புக்கு இழுக்கிறவராக அவன் நினைத்துவிட்டான். யாழினிதான் நடுவில் போய், "செரிங்ணா, ஊத்தமாட்டாங்க. நாங்க பார்த்துக்கறமுங்க" என்றாள். அவள் பேச்சைக் கேட்டதும் டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா இந்த ஊருங்களா? நீங்களும் இங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க சொல்லியிருக்கலாமுங்களே."

அவர் போய்விட்டார். அந்த வார்த்தை போகவில்லை. என் மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள், நியூட்ரல் விழுந்தது எனக்குத் தெரிந்தது, நான் மரியாதை காத்தேன். பத்தொன்பது வருடமாக இந்த மலையில் இருந்து நான் கற்றதெல்லாம், அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் ஆவியாகிவிட்டது.

மறுநாள் குன்னூர் மெக்கானிக் பிரேக் முழுவதையும் பார்த்து, ஆயிலை மாற்றி, வண்டி சரி என்றார். வண்டி சரிதான். அதற்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் கிளம்ப நல்ல நேரம் பார்த்திருந்தான் அண்ணன். யாழினியின் பெட்டி, வாளி, தலையணை எல்லாம் ஏறிவிட்டன. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். அண்ணன் முகம் கழுவப் போன நேரத்தில், மேசையிலிருந்த சாவியை எடுத்து என் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மலை முடியுற கல்லார் வரைக்கும் நான் ஓட்டுறேண்ணே. அங்கேருந்து நீ எடுத்துக்க."

முதலில் சிரித்தான். "ஏன், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சிட்டேன், போதாதா?"

"எலுமிச்சம்பழம் கியர் போடாது."

"வாசுகி, ஒனக்கு க்ளட்ச் எதுன்னு காட்டுனவனே நான்தான். சாவியக் குடு."

"ஆமாண்ணே. தட்டை ரோட்டுல காட்டுனே."

அண்ணி குறுக்கே வந்தார். "புள்ளைய ஊருக்கு அனுப்புற நேரத்துல இது என்ன புடிவாதம்? அக்கம்பக்கத்துல பாக்குறாங்க." யாழினி என் கையைக் கிள்ளினாள். "அம்மா, ப்ளீஸ்மா, மானத்த வாங்காத. நான் மூணு வருஷம் அங்க இருக்கணும்." அவள் சொன்னது நியாயம். அதுதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. அண்ணனை இன்று புண்படுத்தினால் அது அவள் சோற்றுத் தட்டில் போய் விழுமோ என்ற பயம்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எம்மேல நம்பிக்கை இல்லேன்னா புள்ளைய எதுக்கு எங்கூட அனுப்புறே?"

"ஒம்மேல நம்பிக்கை இருக்கு. அதனாலதான் மூணு வருஷத்துக்கு அனுப்புறேன். இந்த முப்பது கிலோமீட்டர மட்டும் எங்கிட்ட விடு. இல்லேன்னா அவ பஸ்ல வருவா, நீ காரை எப்படி வேணா எடுத்துட்டுப் போ."

என் வாழ்நாளில் அவனிடம் இப்படிப் பேசியதில்லை.  சாவி பையிலேயே இருந்தது. அவன் காரைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

குன்னூர் தாண்டி இரண்டாவது கியரில் இறங்கினேன். இஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. "வண்டி கத்துது, மாத்து" என்றான். "கத்தட்டும்" என்றேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் வலது கால் தன் எதிரே இல்லாத பிரேக்கை அழுத்தியது. ஏறி வந்த பேருந்துக்காக நின்றபோது, "எடந்தான் இருக்கே, போயேன்" என்றான். நான் நின்றேன். பின்னால் நம் சமவெளி வண்டிகள் மூன்று ஹாரன் அடித்தன. அடிக்கட்டும். அதில் ஒன்று என்னை வளைவிலேயே முந்திக்கொண்டு போனது. போகட்டும். பர்லியாரில் டீக்கு நிறுத்தினேன். அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பைச் சரிசெய்கிறவன் போல முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தான். ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். எழுந்து வந்து, "டீ சுமார்தான்" என்றான்.

இதைப் படித்தால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும். ஊரிலிருந்து மலையேறி வரும் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். உங்கள் வண்டியின் பின்சீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒருவேளை உங்களை விட இந்தச் சாலை தெரியும். அவள் சொன்னால் கேளுங்கள். பின்சீட்டில் இருப்பவளிடமும் ஒன்று. சொல். அண்ணனாக இருந்தாலும், மாமனாராக இருந்தாலும், சத்தமாகச் சொல். எனக்கு மண்மேடு கிடைத்தது. உனக்கும் அதே பக்கத்தில் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே.

கல்லாரில் பாக்குத்தோப்புக்கு எதிரே நிறுத்தி இறங்கினேன். அண்ணன் சாவியை வாங்கி, எனக்காக முன்னே இழுத்திருந்த சீட்டை ஒரே தள்ளாகப் பின்னே தள்ளினான். யாழினி ஜன்னல் வழியே என் கன்னத்தைத் தொட்டாள். அழக்கூடாது என்று இருவருமே முடிவு செய்திருந்தோம், காப்பாற்றினோம். கார் அந்த நேர்ச்சாலையில் மூன்றாவது, நான்காவது என்று கியர் மாறிப் போவது கேட்டது. அப்படித்தான் போக வேண்டும், அங்கே அதுதான் சரி.

அரை மணி நேரத்தில் குன்னூர் பேருந்து வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் கொண்டை ஊசியில் டிரைவர் ஸ்டியரிங்கைச் சுழற்றத் தொடங்கும் முன்பே என் உடல் அந்தப் பக்கம் தானாகச் சாய்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெண்ணின் உடலும் அப்படியே. கழுத்து மட்டும் திரும்பவில்லை. மரங்கள் விலகிய இடங்களில் கீழே வெயிலில் கிடந்த தட்டை நிலத்தில், எறும்பளவு நகர்ந்த ஒவ்வொரு வெள்ளைக் காரையும் அதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன்.